பப்பாளிப் பாலும் அக்காவின் ரத்தமும்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தப்பு இருந்தால் கவலைப்பட மாட்டேன். தேடிப் பிடித்துச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் சோறு இறங்காது. வாசல் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். அக்கா என்னைச் சின்ன வயதிலிருந்தே ‘சந்தேகப் பிராணி’ என்றுதான் கூப்பிடுவாள். இந்தக் குணத்தோடு கல்யாணமும் செய்துகொண்டிருந்தால் அந்த மனிதர் பாடு திண்டாட்டமாகியிருக்கும். நல்லவேளை, ரத்த வங்கியில் வேலை கிடைத்தது.

ரத்த வங்கி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கம் ஓர் அறை. ஒரு ஃப்ரிட்ஜ், டெஸ்ட் ட்யூபுகளைச் சுழற்றும் மிஷின், உடம்புச் சூட்டிலேயே தண்ணீரை வைத்திருக்கும் ஒரு தொட்டி, ஒரு மைக்ராஸ்கோப். கரண்ட் போனால் எல்லாம் கோவிந்தா. எனக்கு மேலே ஒரே ஆள், டாக்டரம்மா. குரலை உயர்த்தத் தெரியாதவர். நான் தையாதக்கா என்று குதிக்கும்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ‘முடிச்சுட்டியா? இப்போ சொல்லு’ என்பார்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் அந்த ஒரு மாதம் பேயாய் அலைந்தேன் என்று புரியாது. ஏ, பி, ஓ என்று குரூப் பார்ப்பது சுலபம். குரூப் பொருந்தினாலும் நோயாளியின் ரத்தத்தில் வேறொரு எதிரி ஒளிந்திருக்கலாம். முன்பு எப்போதோ ரத்தம் ஏற்றியதாலோ, பிள்ளை சுமந்ததாலோ, அடுத்தவருடைய சிவப்பணுக்களை உடம்பு ஒருமுறை பார்த்திருக்கும். மறுபடி வந்தால் உடைப்பதற்கு ஆன்டிபாடி என்ற ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்கும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. நோயாளியின் சீரத்தையும் ரத்தம் கொடுப்பவரின் அணுக்களையும் கலந்து, உடம்புச் சூட்டில் வைத்து, உப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, கடைசியில் ஒரு சொட்டு சீரம் விட வேண்டும். முயலிடமிருந்து எடுத்தது என்பதால் எங்களுக்கு அது முயல் சீரம். அணுக்கள்மேல் ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் அந்தச் சொட்டு பட்டதும் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். கட்டி தெரிந்தால் அந்த ரத்தத்தை ஏற்றக் கூடாது. ட்யூபைச் சாய்த்ததும் புகை மாதிரி கலைந்து ஓடினால் ஏற்றலாம். நாளெல்லாம் ட்யூபைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

அக்கா பள்ளிக்கூட டீச்சர். அத்தானுக்கு ரயில்வே ஆபீசில் வேலை. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்திருந்தார்கள். ஒரே பெண். அந்த வருஷம் அக்காவுக்கு மாதாமாதம் உதிரம் அளவுக்கு மீறிப் போகத் தொடங்கியது. வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலைமை வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். காட்டினோம். கர்ப்பப்பையில் கட்டி, கர்ப்பப்பையையே எடுத்தாக வேண்டும் என்று ஆபரேஷன் செய்யும் டாக்டர் சொல்லிவிட்டார். உதட்டிலும் நகத்திலும் சிவப்பே இல்லை. ரத்தம் ஏற்றாமல் கத்தி வைக்க முடியாது.

வழக்கமான கேள்விகளை நானே அக்காவிடம் கேட்டேன்.

“இதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்தியிருக்காங்களா?”

“பாப்பா பொறந்தப்போ ஒரு பாட்டில். ஆபரேஷன் பண்ணித்தானே எடுத்தாங்க.”

“ஏத்தும்போது குளிர், நடுக்கம், ஜுரம் ஏதாவது?”

“ஒண்ணும் இல்லடி. தூங்கிட்டேன்.”

பாப்பா பிறந்தபோது அத்தானுக்கு வேறு ஊரில் வேலை, அக்காவும் அங்கேதான் இருந்தாள். நான் படிப்புக்காக இன்னொரு ஊரில் ஹாஸ்டலில் இருந்தேன். அந்தப் பிரசவத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காதில் விழுந்த துண்டு துணுக்குகள்தான்.

அத்தான் தன் ஆபீஸ் நண்பர்களை ஒரு பட்டாளமாகக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் லீவு போட்டுவிட்டு, தலைக்கு எண்ணெய் தடவி வாரி, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார்கள். அவர்களில் மூன்று பேர் அக்காவின் குரூப். மூவரின் அணுக்களையும் அக்காவின் சீரத்தோடு வைத்துப் பார்த்தேன். முயல் சீரமும் விட்டேன். புகை மாதிரி கலைந்து ஓடின. கட்டியே இல்லை. அத்தானிடம் சொன்னேன். அவர் நண்பர்கள் தோளில் தட்டிக்கொடுத்து எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் சிட்லபாக்கம் போனேன். பொருந்திவிட்டது என்று அக்காவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று சாக்கு. உண்மையில், எல்லாம் சரியாக இருந்ததால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அக்கா கூடத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ செடியை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரை என்று நினைத்தேன். வேரோடு இருந்தது. கிட்டப் போனால், இலைக்கு அடியில் கடுகு கடுகாய்க் காய். கீழாநெல்லி.

“யாருக்கு காமாலை?” என்றேன்.

“யாருக்கும் இல்ல. எனக்குத்தான். வந்துடும்ல, அதுக்கு முன்னாடியே ரெடியா வெச்சுக்கலாம்னு உங்க அத்தான் வாங்கிட்டு வந்தாரு.”

“எதுக்கு வரும்?”

“என்னடி நீ, ரத்தம் ஏத்துற ஆஸ்பத்திரியிலேயே வேலை பாக்குற, தெரியாதா? ரத்தம் ஏத்துனா காமாலை வரும். போன தடவையும் வந்துச்சே.”

நாளைக்கு மழை வரும், துணியை உள்ளே எடுத்துப் போடு என்கிற தொனியில் சொன்னாள். நான் முறத்தை அவள் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்விகளில் அக்காவுக்கே அலுப்பு வந்துவிட்டது. எப்போது வந்தது? பாப்பா பிறந்து எத்தனை நாளில்? மாதம் கழிந்தா? அதற்குள்ளேயா? அக்காவுக்குத் தேதி ஞாபகம் இல்லை. யாருக்குத்தான் இருக்கும்? யோசித்துவிட்டுச் சொன்னாள்: “தையல் பிரிச்சு வீட்டுக்கு வந்த அன்னிக்கு. வண்டியிலிருந்து எறங்குறேன், உங்க அத்தான் வெயில்ல என் மூஞ்சியைப் பாத்துட்டு, என்ன கண்ணு மஞ்சளா இருக்குன்னாரு.”

“ஒண்ணுக்கு எப்படிப் போச்சு?”

“கருங்காப்பி மாதிரி. ஏன்டி இதெல்லாம் கேக்குற, பாப்பா இருக்கா.”

“ரத்தம் ஏத்துனதுக்கு அப்புறமும் சோகையாவே இருந்தியா?”

“அந்த டாக்டரே கேட்டாரு, ஏத்துன ரத்தம் எங்கம்மா போச்சுன்னு.”

எங்கே போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உடைந்து, கரைந்து, கருங்காப்பியாக வெளியே போயிருக்கிறது. ஆனால் ரியாக்‌ஷன் என்றால் ஊசி ஏறும்போதே கிடுகிடுவென்று நடுங்குவது என்றுதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம் தாமதித்து, கண்ணில் மஞ்சளாக வந்தால் அது வேறு சமாச்சாரம், அது காமாலை, அதற்கு வேறு வைத்தியம். அப்போது அத்தான் அக்காவை அந்த ஊரிலிருந்து ரயிலேற்றி இங்கே கூட்டி வந்து, மேடவாக்கம் பக்கம் வயலுக்கு நடுவில் ஒரு குடும்பத்தார் காமாலைக்கு மருந்து கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, விடியற்காலையில் வெறும் வயிற்றோடு அழைத்துப் போயிருக்கிறார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். உப்பில்லை, எண்ணெயில்லை. கொஞ்ச நாளில் மஞ்சள் இறங்கிவிட்டது. உடைவதற்கு இருந்த ரத்தமெல்லாம் உடைந்து தீர்ந்தால் மஞ்சள் தானாக இறங்கத்தானே செய்யும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் காக்கைக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

அத்தான் ஆபீஸ் விட்டு வந்ததும் சொன்னேன். அந்த மூன்று பேருடைய ரத்தத்தை ஏற்ற விட மாட்டேன் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“காலையில நீதானே மேட்ச் ஆயிடுச்சுன்னு சொன்னே?”

“சொன்னேன். இப்போ வேணாங்கறேன்.”

“டெஸ்ட்ல ஏதாவது வந்துச்சா?”

“வரல.”

“வரலைன்னா அப்புறம் என்ன? சும்மா கெடக்குற சங்கை ஏன் ஊதிக் கெடுக்குறே? அவளுக்கு இருக்கறதே ரெண்டு சொட்டு ரத்தம். உன் சந்தேகம் தீர்ற வரைக்கும் அது இருக்குமா?”

நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, அக்கா ஊற்றி வைத்த காபியைக் குடிக்காமல் விடுவிடுவென்று கிளம்பிவிட்டேன். ஏரிக்கரையோரம் நடக்கும்போது எனக்கு நானே பேசிக்கொண்டு போனதைப் பார்த்து ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கி வழிவிட்டார்.

மறுநாள் டாக்டரம்மா வருவதற்கு முன்னாலேயே அவர் அறை வாசலில் நின்றேன். கொட்டித் தீர்த்தேன். அவர் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார்: “தையல் பிரிச்ச அன்னிக்குன்னு அவங்களே சொன்னாங்களா?”

“ஆமா மேடம்.”

“ரத்தத்துல வர்ற கல்லீரல் காமாலைன்னா அவ்வளவு சீக்கிரம் வராது. மாசக் கணக்காகும். நீ சொல்றது சரிதான். வயித்துல இருந்த குழந்தையோட அணுக்களைப் பாத்து உடம்பு முதல்ல பழகியிருக்கு. அப்புறம் பாட்டில்ல அதே ஜாதி வந்ததும் ஞாபகம் வந்து உடைச்சிருக்கு. இத்தனை வருஷத்துல ஆன்டிபாடி வத்திப் போயிருக்கும். நம்ம டெஸ்ட்டுக்கு எட்டாத அளவுக்கு வத்தியிருக்கும். மறுபடி அதே ஜாதி ரத்தம் போச்சுன்னா பொங்கி வரும்.”

“பொங்கினா?”

“இருக்கற கொஞ்ச ரத்தமும் போகும். கிட்னி நிக்கலாம்.” குரல் அதே மாதிரிதான் இருந்தது. “அது இருக்குன்னு கண்டுபிடிச்சாத்தான் எந்த ரத்தம் ஆகாதுன்னு தெரியும். கண்டுபிடி.”

எளிதாகச் சொல்லிவிட்டார். உடம்புச் சூட்டில் வைக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். சீரத்தை அதிகமாக விட்டுப் பார்த்தேன். புது முயல் சீரம் உடைத்துப் பார்த்தேன். கலைந்து கலைந்து ஓடியது. மிச்சமிருந்த வழி ஒன்றுதான். கொடுப்பவரின் அணுக்களை முதலில் பப்பாயின் என்ற பொடியில் கொஞ்ச நேரம் ஊற வைத்தால், அணுக்களின் மேல்தோலில் மறைத்து நிற்பதையெல்லாம் அது செரித்துச் சீவிவிடும். பிறகு கொஞ்சமே கொஞ்சம் ஆன்டிபாடி இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். எங்களிடம் ஒரு சின்னக் குப்பி இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்தால், கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஈரம் கோத்து, வெல்லக்கட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. போட்டுப் பார்த்தேன். செத்துப் போன மருந்து. புதிதாக வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும். அக்காவுக்கு அந்த வாரம் மறுபடி போகத் தொடங்கிவிட்டது. இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று ஆபரேஷன் டாக்டர் சொல்லி அனுப்பினார்.

எனக்குக் கை கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. லேபுக்கும் வார்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். அப்படிப் போகிற போக்கில்தான் ஆஸ்பத்திரி சமையற்கட்டைக் கடந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஸ்டாஃபுக்கு மட்டன் குழம்பு. சமையற்காரர் கறி சீக்கிரம் வேக ஒரு பச்சைப் பப்பாளிக் காயைத் துண்டு போட்டு அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

நின்றேன். பப்பாயின் என்பதே பப்பாளிப் பால்தான். பாடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். குப்பியும் லேபிளுமாகப் பழகிப் பழகி, அது மரத்தில் காய்க்கிறது என்பதே மறந்து போயிருக்கிறது. நர்ஸ் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மூன்று மரம் காய்த்துத் தொங்குகிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் யோசித்தார். “செய்யலாம். ஆனா அது எவ்வளவு வீரியம்னு நமக்குத் தெரியாது. ஜாஸ்தியாச்சுன்னா ஆகாததும் ஆகுறதும் எல்லாமே கட்டியாத் தெரியும். அக்காவோட அணுக்களையே அக்காவோட சீரத்துல வெச்சுப் பாரு. சொந்த ரத்தம் சொந்த ரத்தத்தோட ஒட்டுச்சுன்னா, தப்பு பப்பாளி மேல. அது ஒட்டாம, மத்தது ஒட்டணும்.”

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் சமையற்காரரே மரத்துக்கு ஏணி போட்டார்.

“இன்னாக்கா, ஆஸ்பத்திரி டெஸ்ட்டுக்கு பப்பாளியா? நாளிக்கு கத்திரிக்கா கேப்பே போல கீதே.”

“பேசாம கீறுங்கண்ணா. ஆழமா வேணாம், தோல்ல மட்டும்.”

“பேஜார் பண்ணாதே. நான் கீறாத பப்பாளியா?”

காயைக் கத்தி முனையால் கோடு கோடாகக் கீறினார். பால் சொட்டுச் சொட்டாக வந்தது. கண்ணாடித் தட்டில் பிடித்து, மேலே மெல்லிய துணி கட்டி, லேப் மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். காயும் வரை சும்மா இருக்க வேண்டும். என்னால் முடியுமா? மாடிப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கி, காக்காய் வருகிறதா, ஈ உட்காருகிறதா என்று பார்த்து, கடைசியில் தட்டுக்குப் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். குடை எனக்குத்தான், தட்டுக்கு வெயில். ஏர்ஃபோர்ஸ் விமானங்கள் தலைக்கு மேலே வட்டமடித்துப் பழகிக்கொண்டிருந்தன. அவற்றையும் திட்டினேன்.

பாலாடை மாதிரி காய்ந்ததைப் பொடித்து, உப்புத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, முதல் தடவை வைத்தேன். எல்லாமே கட்டி. மூன்று நண்பர்கள் கட்டி, அக்காவின் சொந்த அணுக்களும் கட்டி, நண்பர்களின் அணுக்களை அவரவர் சீரத்திலேயே வைத்துப் பார்த்ததும் கட்டி. குழைந்துபோன சோறு. எனக்கு அழுகை முட்டியது. டாக்டரம்மா ட்யூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்ல மரம். தண்ணி கலந்து கொடு” என்றார்.

தண்ணீர் கலந்தேன். இன்னும் கலந்தேன். ஊற வைக்கும் நேரத்தைக் குறைத்தேன். அப்படியே போய் ஓர் அளவில், அக்காவின் சொந்த அணுக்கள் சமர்த்தாகக் கலைந்து ஓடின. நண்பர்களின் சொந்தச் சீரத்தில் வைத்தவையும் ஓடின. அதே அளவில் அத்தானின் நண்பர்களுடைய அணுக்களை அக்காவின் சீரத்தில் வைத்த ட்யூபுகளைச் சாய்த்தேன். முதல் ட்யூபில் சின்னச் சின்னதாய், மணல் மாதிரி கட்டி. இரண்டாவதிலும். மூன்றாவதிலும். நம்பாமல் மறுபடி முதலிலிருந்து செய்தேன். அதே மணல். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார், அவ்வளவுதான்.

சொந்த அக்காவின் ரத்தத்தில் ஆபத்து இருக்கிறது என்று தெரிந்து நான் சந்தோஷத்தில் துள்ளினேன். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. ஒளிந்திருந்தவனைத் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்துவந்த சந்தோஷம்.

அத்தானிடம் போய்ச் சொன்னேன். மூன்று பேரும் ஆகாது. அவர் சண்டை போடவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “அந்த ரத்தம் ஏத்தியிருந்தா?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேறு ஆள் தேடிக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினார்.

அவர் போன பிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். “வேற ஆளெல்லாம் அப்புறம். கூடப் பொறந்தவங்களை முதல்ல பாக்கணும். உன்னைப் பாத்தியா?”

பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் ஊசி குத்துகிற எனக்கு, என் கையில் ஊசி என்றால் உயிர் போய்விடும். என் குரூப் அக்காவின் குரூப்தான் என்பது தெரிந்தும், அந்தப் பக்கமே மனசை விடாமல் வைத்திருந்தேன். டாக்டரம்மாவே குத்தி எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு வலக்கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். என் அணுக்களைப் பப்பாளியில் ஊறவைத்து அக்காவின் சீரத்தில் போட்டேன். புகை மாதிரி கலைந்து ஓடியது.

இன்னொரு பாட்டில் வேண்டும். குரூப் பொருந்திய ஸ்டாஃப் ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒரு நர்ஸ், கட்டி. வாட்ச்மேன், கட்டி. ஏணி போட்ட சமையற்காரர், கலைந்து ஓடியது. மறுபடி வைத்தேன், மறுபடியும் ஓடியது.

“எம்புட்டு வேணுமோ எட்த்துக்கோக்கா,” என்று கட்டிலில் சாய்ந்துகொண்டு கையை நீட்டினார். “கொஞ்சம் மட்டும் வுட்டு வெய், மத்யானம் அம்பது பேருக்கு சாம்பார் வெக்கணும்.”

அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். நான் பக்கத்துக் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். தலை சுற்றியதில் எனக்கும் சேர்த்து அவர்தான் பிறகு காபி கொண்டுவந்து கொடுத்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஆன்டிபாடி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். பாப்பாவைச் சுமந்தபோது முதலில் வந்திருக்க வேண்டும் என்றேன்.

“அப்போ அவ குடுத்ததா எனக்கு?”

“அப்படித்தான்னு வெச்சுக்கோ.”

“குடுத்துட்டுப் போகட்டும்,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு டோனர் பாட்டில்களை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருந்தது. போய்விட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏறும்போது நடுக்கம் இல்லை, ஜுரம் இல்லை. ஆனால் அதற்கெல்லாம் நான் மயங்கவில்லை. போன தடவையும் நடுக்கம் இல்லைதானே? எங்கள் பப்பாளி டெஸ்ட்டில் தெரியாமல் இன்னும் ஒன்று ஒளிந்திருந்தால்? என் ரத்தமே அவளுக்கு ஆகாமல் போனால்? காலையில் ஷிஃப்டுக்கு முன் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அக்காவின் வார்டுக்குப் போவேன். சாப்பிட்டியா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழ் இமையை இழுத்து வெள்ளை விழியைப் பார்ப்பேன். ஒண்ணுக்கு என்ன நிறம் என்று நர்ஸிடம் கேட்பேன். விரல் நுனியில் குத்தி ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். பதில் வந்ததும் நிற்காமல் ஓடிவிடுவேன். அத்தான் பிளாஸ்கில் கீழாநெல்லி மோர் கொண்டுவந்தார். நான் ஆடித் தீர்த்துவிட்டேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, தையல் பிரிக்கிற வரைக்கும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

தையல் பிரிக்கிற நாள் வந்தது. அதற்குத்தான் நான் மனசுக்குள் காத்துக்கொண்டிருந்தேன். காலையில் நல்ல வெயில். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். அக்காவின் தாடையைப் பிடித்துத் தூக்கி, ஒரு கண், பிறகு மறு கண், நிதானமாகப் பார்த்தேன். மஞ்சள் ஒரு பொட்டும் இல்லை. ரத்தத்தின் அளவும் இறங்கவில்லை. உள்ளே போனது அப்படியே இருந்தது.

“கண்ணு மட்டும் செவந்திருக்கே. தூங்கலையா?” என்றேன்.

“மஞ்சள் இல்லல்ல?”

“இல்ல.”

“அப்போ நீ ஜெயிச்சுட்டே. போய் உன் டாக்டரம்மாகிட்ட சொல்லு, போ.”

நானும் கிளம்பிவிட்டேன். வார்டு வாசல் வரை போய்விட்டேன். அப்போது பின்னாலிருந்து, “ஏய்” என்றாள்.

திரும்பினேன்.

“இன்னொண்ணு பெத்துக்கணும்னு இருந்தேன்டி,” என்றாள். சத்தமில்லாமல், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். “வீடு கட்டி முடிக்கட்டும், வீடு கட்டி முடிக்கட்டும்னு தள்ளிப் போட்டோம். பேருகூட யோசிச்சு வெச்சிருந்தேன். தினம் ரெண்டு தரம் வந்து என் கண்ணைப் பாக்கறியே, நான் அழுதிருக்கேன்னு ஒரு நாள்கூடவா உனக்குத் தெரியல?”

 திரும்பி வந்து கட்டிலில் அவள் இடுப்போரம் உட்கார்ந்தேன். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“என்ன பேரு வெச்சிருந்தே?” என்று கேட்டேன்.

சொன்னாள். பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.